போகப்போகச் சரியாயிடும் அக்கா

‘போகப்போகச் சரியாயிடும்’ என்றொரு இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். செருப்பு கடிக்கிறதா? போகப்போகச் சரியாயிடும். மேலதிகாரி கடிக்கிறாரா? அதுவும் சரியாயிடும். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, பத்தியம் கிடையாது.

எங்கள் பார்சல் அலுவலகத்தில் இந்த இனத்துக்குத் தலைவி, அக்கா. ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால் போதும். எங்கே நசுங்கியது, எப்போது நசுங்கியது, யார் கையில் நசுங்கியது என்று மூன்று படிவம் எழுதி, நாலு பக்கமும் படம் பிடித்து, ஓட்டுநரைக் கூப்பிட்டு உலுக்கி எடுத்துவிட்டுத்தான் அதை வாசல் தாண்ட விடுவார். மனுஷி நசுங்கினால்? படிவமே கிடையாது.

முகவரி ஒட்டும் பெண்ணை ‘ஸ்டிக்கர்’ என்போம். கல்யாணமாகி ஆறு மாதம். ஒருநாள் நாங்கள் பெண்கள் மூவர் மட்டும் இருந்த சாப்பாட்டு மேசையில் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, அவர்கூடச் சேரும்போதெல்லாம் உயிர் போற மாதிரி வலிக்குது. ஒவ்வொரு தடவையும்.”

“புதுசுல அப்படித்தான். பல்லைக் கடிச்சுக்கோ. போகப்போகச் சரியாயிடும்.”

“உங்களுக்கு எப்பக்கா சரியாச்சு?”

அக்கா மின்விசிறியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எனக்கா? பதினோரு வருஷந்தானே ஆகுது...”

ஸ்டிக்கருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவுக்கும் வந்தது. எனக்குப் புரையேறியது. சிரித்து ஓய்ந்தபோது அக்காவின் கண்கள் மட்டும் நிற்காமல் வழிந்தன.

சனிக்கிழமை மூவருமாகப் பெண்கள் மருத்துவரிடம் படையெடுத்தோம். அந்த அம்மாள் துளியும் அதிரவில்லை.

“வலிக்கு ஒரே காரணம்னு கிடையாதும்மா. வறட்சியா இருக்கலாம், கிருமித்தொற்றா இருக்கலாம், பிரசவத் தையலா இருக்கலாம். பயத்துல தசை தானா இறுகலாம். கர்ப்பப்பையோட உள்சவ்வு வெளியில வளரலாம். ஆரம்பத்துலயே வலிக்குதா, ஆழத்துலயா? மாதவிலக்குல எப்படி?”

“அது மாசாமாசம் சுருண்டு படுத்துக்குவேன், டாக்டர்,” என்றார் அக்கா, ஏதோ பொழுதுபோக்கைச் சொல்வதுபோல.

“இத்தனை வருஷம் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“யாரும் கேக்கலையே.”

ஸ்டிக்கருக்குத் தசை இறுக்கம்: தளர்த்தும் பயிற்சியும், அவசரப்படாத கணவனும் என்று எழுதித் தந்தார். அக்காவுக்கு உள்சவ்வு வெளியில் வளர்ந்திருந்தது, ஸ்கேனில் தெரிந்தது. மாத்திரை தொடங்கினார். அன்றே அக்கா வீட்டில் சொல்லியும்விட்டார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?” என்று அவர் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். நாலு மாதத்தில் அக்கா அலுவலகத்தில் பாட்டு முணுமுணுக்கிறார். சகிக்கவில்லை, சகித்துக்கொள்கிறோம்.

நீங்கள் அந்த இனமில்லை, தெரியும். இருந்தாலும், இதைப் படிக்கும்போதே இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே, அது எத்தனை வருஷமாக?