கண் பரிசோதனையில் நூற்றுக்கு நூறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நலம் என்று நான்தான் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கு வந்திருக்கும் சுகாதார நர்ஸ் அப்படிச் சொல்லவில்லை. அந்த அம்மாவை வேறு பள்ளிக்கு மாற்றும்படி நீ அத்தானிடம் சொல்ல வேண்டும். சுகாதார அலுவலகத்தில் அவர் வைத்ததுதானே சட்டம்.

இனிமேல் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பள்ளியும் நர்ஸும் சேர்ந்து கவனிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. முதலில் கண் பரிசோதனை என்றார்கள். பரிசோதனை என்றால் பரீட்சைதானே, தலைமையாசிரியர் என்ற முறையில் நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? எழுத்து அட்டையை முதல் நாளே வாங்கி, மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்ல வைத்து மனப்பாடம் செய்வித்தேன். மறுநாள் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். ஒரு புத்திசாலி மட்டும் அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒப்பித்தான். வினை அங்கேதான் வந்தது. நர்ஸ் பையிலிருந்து வேறொரு அட்டையை எடுத்து மாட்டினார். நடத்தாத பாடத்தில் கேள்வி கேட்பது என்ன நியாயம் என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். "சார், இதுல பெயிலானா திட்டு கிடையாது, கண்ணாடிதான்" என்றார். பதினோரு பேர் பெயில். அதில் ஒருத்தி என் மகள்.

அக்கா, கரும்பலகையில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதுகிறாள் என்று அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியதே நான்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நினைச்சேம்ப்பா" என்கிறாள். பெற்றவனுக்கு இத்தனை வருஷம் தெரியாததை ஒரே நாளில் கண்டுபிடித்த மனுஷியின் முகத்தில் நான் தினமும் எப்படி விழிப்பேன்? அதனால்தான் இந்த மாற்றல்.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகளுக்கு மாமாவின் ஆசி; அவள் கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகளுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்சிலிருந்தே, "அப்பா, புத்தகத்துல எட்டு இருக்கு, நீங்க போர்டுல மூணு எழுதியிருக்கீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும்தான். மாற்றல் வேண்டாம், அந்த அம்மா இங்கேயே இருக்கட்டும். ஆனால் அடுத்த வாரம் ஆசிரியர்களுக்கும் கண் பரிசோதனையாம். அந்த இரண்டாவது அட்டையின் கடைசி இரண்டு வரிகளை மட்டும் அத்தானிடம் கேட்டு உடனே எழுதி அனுப்பு. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.