பணி நடக்கிறது

வெப்சைட் தொடங்குகிறவர் என்று ஒரு இனம் உண்டு. தொடங்கிவிட்டவர் வேறு, முடித்தவர் வேறு. இவர் தொடங்குகிறவர், நிகழ்காலத்திலேயே குடியிருப்பவர். பாறசாலைப் பக்கம் இப்போது நன்றாகப் பெருகியிருக்கிறார். உங்கள் ஊரில் தட்டுப்பாடென்றால் சொல்லுங்கள், இரண்டு பேரை பஸ் ஏற்றி விடுகிறோம்.

எங்கள் பக்கத்து வீட்டு தேவகுமாரைப் பாருங்கள். அவர் மனைவி மினி முந்திரிக்கொத்து செய்து விற்பவர். சிறுபயறும் தேங்காயும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரிக்கிற அந்தப் பலகாரம் விற்பது கிறிஸ்துமஸுக்குத்தான். அந்த டிசம்பர் தவறினால் அடுத்த டிசம்பர். 'ஒரு வெப்சைட் இருந்தால் நாலு பேர் பார்ப்பார்களே' என்று ஓணத்துக்கு முன்னால் மினி வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அன்றே தேவகுமார் தொடங்கினார். மலையாளத்தில் ஒரு வீடியோ பார்த்து, தமிழில் ஒன்று பார்த்து, இரண்டும் வேறுவேறாகச் சொன்னதால் புரியாத இந்தியில் மூன்றாவதும் பார்த்து, நீலம் வைத்து, அது வங்கி மாதிரி இருக்கிறதென்று பச்சைக்குப் போய், பச்சை ஆயுர்வேத அரிஷ்டக் கடை மாதிரி இருக்கிறதென்று நீலத்துக்கே திரும்பி, எழுத்துருவை மாற்றி, லோகோவைச் சுழலவிட்டு, 'எங்கள் தொலைநோக்கு' என்று தனியாக ஒரு பக்கமும் திறந்தார். முந்திரிக்கொத்துக்கு என்ன தொலைநோக்கு? அதிகம் போனால் நாலுமணிக் காப்பி வரை.

"எனக்க நம்பர் போட்டாச்சா?" என்பார் மினி.

"அது கடைசியிலாக்கும். முதல்ல டிசைன்."

அதுவரை முகப்பு காலியாகக் கிடக்கலாமா? மஞ்சள் தொப்பியும் மண்வெட்டியுமாக ஒரு பொம்மை ஆளை அங்கே நிறுத்தி, கீழே தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுதினார்: 'பணி நடக்கிறது.' முடிக்கும் முன்பே ஊரறியச் செய்வது இந்த இனத்தின் சடங்கல்லவா? சர்ச் குழு உட்பட எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் விலாசத்தை அனுப்பினார்.

டிசம்பர் பிறந்தது. மினியின் ஃபோன் மட்டும் வாய் திறக்கவில்லை. பொறுக்கமாட்டாமல், வருஷந்தோறும் வாங்குகிற, காரோடு என்ற பக்கத்து ஊர் ஆனந்தபாயை அவரே கூப்பிட்டார். ஆனந்தபாயின் மகளுக்கு இது கல்யாணம் கழிந்த முதல் கிறிஸ்துமஸ். மாப்பிள்ளை வீட்டுக்குச் சருவம் நிறையப் பலகாரம் போக வேண்டும்.

"மக்களே, அடுக்களைப் பணி தீந்துதா?" என்றார் ஆனந்தபாய், எடுத்ததும்.

"எந்த அடுக்களை, அக்கா?"

"உனக்க அடுக்களைதான். ஃபோன்ல ஒருத்தன் மம்மட்டியும் கொண்டு நிக்கியானே! பணி நடக்குதுன்னு போட்டிருக்கு. பலகாரத்தில சிமெண்டுப் பொடி விழுந்தா சம்மந்திக்காரங்க என்ன சொல்லுவாவ? களியக்காவிளையில ஒரு கடையில ஆர்டர் பறஞ்சாச்சு, மக்களே."

எங்கள் ஊரில் பணி என்றால் வீட்டுப் பணிதான். கொத்தனார் வந்தாயிற்று என்று அர்த்தம். இத்தனை வீடியோக்களில் ஒன்றாவது இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

மினி ஃபோனை வைத்துவிட்டு உள்ளே போனார்.

"ஒரு செங்கல்லும் வைக்காம எனக்க அடுக்களைய இடிச்சுப்போட்டியளே!"

"அது 'அண்டர் கன்ஸ்ட்ரக்‌ஷன்'னு..."

"அவன முதல்ல வெளிய இறக்குங்க."

மண்வெட்டிக்காரன் வெளியேறினான். அப்போதுதான் பொரித்தெடுத்த ஒரு தட்டு முந்திரிக்கொத்தை மினி தாமே படம் பிடித்தார். படம், பெயர், நம்பர். அவ்வளவுதான் வெப்சைட். தேவகுமார் லோகோவை ஒருதரம் நினைவுபடுத்தப் பார்த்தார். மினியின் கையில் சட்டுவம் இருந்ததால் அதை வற்புறுத்தவில்லை. ஆனந்தபாயின் ஆர்டர் போனது போனதுதான். ஆனால் மறுநாள் ஒரு நெய்யாற்றின்கரைக்காரர் கூப்பிட்டார், பின்னாலேயே அவர் மைத்துனி. அடுப்பு அணையவில்லை.

"பாத்தியா, எனக்க வெப்சைட் சூடு பிடிச்சாச்சு" என்று தேவகுமார் இப்போது வேலியோரம் நின்று எல்லோரிடமும் சொல்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று நீங்களும் ஏதோ ஒரு வேலை செய்யத்தானே உட்கார்ந்தீர்கள்? 'தொடங்கும் முன் இதை மட்டும் படித்துவிடுவோம்' என்றுதானே இதைக் கையில் எடுத்தீர்கள்?