பட்டு உறையும் இரண்டு தேங்காயும்

தூக்கத்தைவிடத் தலைமுடியை அதிகம் நேசித்த மனிதர் கோவை மாவட்டத்திலேயே ஒருவர்தான். என் கெட்ட நேரம், துடியலூரில் அவரோடு ஒரே அறையில் மூன்று வருடம் குப்பை கொட்டினேன்.

'பட்டுத் தலையணை' என்றால்தான் தெருவில் தெரியும். பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர், வயது முப்பத்தாறு. அவருடைய ஜாதகம் பெண் தேடிக் கொங்கு நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. போட்டோவில் இருக்கும் முடி, பெண் பார்க்கப் போகும்வரை தலையிலும் இருக்க வேண்டும். வேறு லட்சியமே கிடையாது.

தூக்கத்தில் தலையணையில் உரசித்தான் முடி கொட்டுகிறது என்று யூடியூபில் எந்தப் புண்ணியவானோ சொல்லிவிட்டான். உடனே வழவழப்பாகத் தலையணை உறை தைக்க, அம்மாவின் கல்யாணக் கூறைப்பட்டைத் தூக்கிக்கொண்டு கோட்டைமேட்டுத் தையல்கார பாயிடம் போய் நின்றார். கூடவே நானும்.

"ஏனுங்க, கூறைப்பட்டுல கத்திரி வெக்க எனக்குக் கையே வரலீங்களே!" என்றார் பாய்.

"அம்மாவே குடுத்ததுதானுங்க. மருமக வந்தாப் போதும்னுட்டாங்க."

உறை வந்தது, என் நிம்மதி போனது. தூக்கத்தில் தலை உருளக்கூடாதாம். காதுக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் தேங்காய் வைத்துப் படுப்பார். சித்திரை மாதத்திலும் ஃபேன் போடக்கூடாது.

"அண்ணா, வெந்து சாகறனுங்க!"

"காத்துல முடி ஒண்ணோடொண்ணு உரசுது கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்க."

உரசுவதற்காவது பக்கத்தில் இன்னொரு முடி வேண்டாமா? அதை நான் கேட்டே விட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பரம நிம்மதி.

ஒருவழியாக ஆனைமலையில் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு அம்மை போட்டுவிட்டது. உச்சந்தலை முழுக்கக் கொப்புளம். தலையணை உறை ஒட்டிக்கொண்டு, தலையைத் தூக்கினால் உயிர் போகும். பக்கத்து அறைக்காரர்கள் வாசலோடு சரி. இவரும் தேங்காய்களோடு ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் கண் விழித்தால் தலைக்கடியில் வழவழவென்று பட்டு. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் லீவு போட்டுவிட்டு, முரட்டுத் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தரையில் கிடந்தார்.

"என்னங்ணா இது? ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போகோணுமே!"

"எனக்குச் சின்னதுலயே அம்மை வந்துபோச்சு. நீ பேசாமப் படு கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை போய் வந்தார். பெண் வீட்டார் இவர் முகத்தைப் பார்க்காமல் தலையையே பார்த்தார்களாம். "சொல்லி அனுப்பறோமுங்க" என்றார்களாம். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று வேப்பிலையும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் நனைத்துத் துவைத்ததில், அந்தப் பட்டு உறையும் கந்தலாகிப் போனது. நான் அழுதேவிட்டேன்.

"போச்சாது, உடு கண்ணு. துணிதானே" என்றார்.

இப்போது அவருக்குச் சுத்த வழுக்கை. போன வாரம் டீக்கடையில் ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்தான். பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அந்தத் தலையைக் கேலி செய்கிற பாத்தியதை எனக்கு மட்டும்தான்.