முக்கால் பாலம்

வெல்விக் சட்டமன்றத் தொகுதியின் வரலாறும் எங்கள் பாலத்தின் வரலாறும் ஒன்றே. இரண்டையும் வேறு வேறு என்று நினைப்பவர்கள் மாகாணத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். கனடாவின் இந்த மூலைக்கு அவர்கள் வருவதில்லை. இடைத்தேர்தல் என்றால் மட்டும் வருவார்கள்.

பொதுத்தேர்தலில் எங்களை ஒரு நாயும் சீண்டாது. அறுபது தொகுதிகளைக் கவனிக்க வேண்டிய அரசாங்கத்துக்குக் கோதுமையும் கொசுவும் விளைகிற எங்களைக் கொஞ்ச நேரமேது? இடைத்தேர்தல் அப்படியல்ல. அன்றைக்கு மாகாணம் முழுவதற்கும் நாங்கள்தான் மாப்பிள்ளை. எங்கள் முதல் உறுப்பினர் நிமோனியா கண்டு, மாண்புமிகு நிலையிலேயே காலமானார். நெடுஞ்சாலை அமைச்சர் மண்வெட்டியோடு வந்து இறங்கினார். ஆற்றின்மேல் பாலத்தின் முதல் கால்வாசி எழும்பியது. வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் கிரேன் தலைநகருக்குத் திரும்பிவிட்டது. இரண்டாமவர் ஒட்டாவாவில் மத்திய அரசில் பெரிய பதவி கிடைத்து விலகினார், இன்னொரு கால்வாசி. மூன்றாமவர் அரசுச் செலவில் மூஸ் மான் வேட்டைக்குப் போய் மாட்டிக்கொண்டு ராஜினாமா செய்தார், மூன்றாவது கால்வாசி. அந்த உத்தமர் பேரைச் சொன்னால் இன்றைக்கும் ஊரில் கண் கலங்குவார்கள்.

இப்படியாக எங்கள் கரையில் தொடங்கும் பாலம், முக்கால் ஆறு வரை கம்பீரமாகப் போய், நின்று, அக்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அக்கரையை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் ஐனார். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். அக்கரையில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஓரிஸ்யாவை எனக்குப் பிடித்துப்போனது. அவள் கணவர் இறந்து பல வருடமாகிறது. கோடையில், ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியைப் பற்றி ஓடும் படகில் போவேன். குளிரில் உறைந்த ஆற்றின்மேல் காரையே ஓட்டிக்கொண்டு போவேன். பனிக்கட்டி உடைகிற பருவத்திலும் உறைகிற பருவத்திலும் டெலிபோன்தான்.

"ஐஸ் கட்டினா புருஷன் உண்டு, உடைஞ்சா புருஷன் இல்ல. இது என்ன குடித்தனம்?" என்றாள் ஓரிஸ்யா. "பாலத்தை முடிச்சிட்டு வா. மோதிரம் போட்டுக்கறேன்."

ஆகவே பொதுத்தேர்தலுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க எங்கள் கட்சி ஊர் மண்டபத்தில் கூடியபோது நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தொகுதித் தலைவி ஹில்டுர் அக்கா, பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எங்களைக் கேள்வி கேட்டுத்தான் பேசுவார்.

"நமக்கு என்ன வேணும்?"

"இடைத்தேர்தல்!"

"அதுக்கு என்ன நடக்கணும்?"

"உறுப்பினர் சாகணும்!"

"அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் திடகாத்திரமான ஆளா பாத்து நிறுத்தறோம்? புத்தி வேணாம்?"

மண்டபமே தலையில் அடித்துக்கொண்டது. இத்தனை காலம் இது யாருக்கும் தோன்றாமல் போயிற்றே! அன்றே வேட்பாளர் தகுதிகள் திருத்தப்பட்டன: விண்ணப்பத்தோடு டாக்டர் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும், தேறியவர்கள் பரிசீலிக்கப்பட மாட்டார்கள். நானும் விண்ணப்பித்தேன். எனக்குச் சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு.

"ஐனார், கோவிச்சுக்காதே," என்றார் ஹில்டுர் அக்கா. "உன் வியாதி இருபது வருஷம் இழுக்கும். ஊருக்குப் பிரயோஜனமில்ல. நல்லா முத்தட்டும், அப்புறம் பாக்கலாம்."

ஏகமனதாகத் தேர்வானவர் பவ்லிஷின் தாத்தா. வயது எண்பத்தெட்டு. அவர் இதயம் மாதா கோவிலில் ஒரு முறையும், எங்கள் ஹாக்கி அணி அதிசயமாக ஒரு கோல் போட்டபோது ஒரு முறையும் நின்று ஓடியது.

"பெரியவரே, எது வரைக்கும் தாங்குவீங்க?"

"டாக்டர் கிறிஸ்துமஸ்ங்கறாரு."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. "ஆனா எங்கம்மா நூத்திரெண்டு வயசு வரைக்கும்..." என்று அவர் தொடர்ந்தது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

எதிர்க்கட்சி வேட்பாளர் தினமும் ஓடுகிறவர் என்பதை நாங்களே துண்டுப்பிரசுரம் போட்டு அம்பலப்படுத்தினோம். அவர் தோல்வி பயத்தில் மேடையில் தரம் இறங்கினார். "பொய்! எல்லாம் பொய்! இவர் இன்னும் பத்து வருஷம் இருப்பார்!" என்று அவதூறு பேசினார். பவ்லிஷின் தாத்தா பதிலாக ஒரு முறை இருமினார். அந்த இருமலில் எதிராளிக்கு டெபாசிட் போயிற்று.

கிறிஸ்துமஸ் வந்தது. பவ்லிஷினும் வந்தார், சிவந்த கன்னங்களோடு. தலைநகரில் உறுப்பினர்களுக்கு இலவச வைத்தியம், லிஃப்ட், வேளைக்குச் சூடான பீட்ரூட் சூப். மதியம் அவையில் விவாதத்தின்போது அப்படி ஒரு தூக்கம். மறு வருடம் கைத்தடியை விட்டார். அதற்கடுத்த வருடம் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டார். ஊர் கவலையில் மெலிந்தது. சிலர் அவருக்கு வெண்ணெயும் பன்றிக்கொழுப்பும் பார்சல் அனுப்பிப் பார்த்தார்கள். ருசியைப் புகழ்ந்து நன்றிக் கடிதம் வந்தது.

நானே தலைநகருக்குப் போனேன்.

"தாத்தா, ஊரே உங்களை நம்பி ஓட்டுப் போட்டுது."

"தெரியும்ப்பா. வெக்கமாத்தான் இருக்கு. தூக்கம் வரலன்னு சொல்ல ஆசை. நல்லா வருது, என்ன பண்ண?"

"ராஜினாமாவாவது பண்ணுங்க. என் கல்யாணம் நிக்குது."

"பண்ணலாம். ஆனா மேல்வரிசைப் பல்லுதான் கட்டியிருக்காங்க. கீழ்வரிசை பாக்கி."

"கட்டினப்புறம்?"

"கட்டினப்புறம் கடிச்சுத் திங்க வேணாமாடா?"

இதற்குள் தொகுதி எல்லை மறுவரையறை ஆணையம் எங்கள் ஊருக்கு விஜயம் செய்தது. பாலத்தின் முனையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டது. பிறகு அறிக்கை வந்தது: "இருகரை மக்களிடையே பாலமோ வேறு நிலையான தொடர்போ காணப்படாமையால், அவர்தம் நலன்கள் வெவ்வேறானவை எனக் கருதி, பாலம் முடிவுறும் இடமே தொகுதியின் இயற்கையான எல்லையென இதனால் தீர்மானிக்கப்படுகிறது."

ஆக, கட்டிய முக்கால் எங்களுக்கு. கட்டாத காலும் அக்கரையும் பக்கத்துத் தொகுதிக்கு. அத்தொகுதியின் உறுப்பினருக்கு இருபத்தொன்பது வயது. படகு இல்லாவிட்டால் ஆற்றை நீந்தியே கடப்பார்.

மறுபடியும் மண்டபம் கூடியது.

"இனிமே பவ்லிஷின் செத்தும் பிரயோஜனமில்ல," என்றார் ஹில்டுர் அக்கா கசப்போடு. "வர்ற பொதுத்தேர்தல்ல அக்கரையில நம்ம ஆள் ஜெயிக்கணும். அங்க குடிபோக நியாயமான காரணம் உள்ள ஆளா இருக்கணும். அங்க நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கணும். உடம்பு..."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. காத்திருந்து காத்திருந்து என் ரத்த அழுத்தம் எங்கேயோ ஏறிப்போயிருந்தது. எங்கள் டாக்டர் எழுந்து, "இந்தத் தடவை தாராளமா நிறுத்தலாம்," என்று சான்று வழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஊரே என்னை வேண்டுமென்றது. அழுதுவிட்டேன்.

ஓடிப்போய் ஓரிஸ்யாவுக்கு டெலிபோன் செய்தேன்.

"ஓரிஸ்யா, நான் உங்க பக்கம் நிக்கறேன்! ஜெயிச்சா பாலம் முடிஞ்ச மாதிரிதான்!"

"நிஜமாவா! எப்ப முடியும்?"

"நான் போய்ச் சேர்ந்ததும்."

"எங்க போய்ச் சேர்ந்ததும்?"

சொன்னேன்.

"அடப்பாவி! அப்ப நான் யாரைக் கட்டிக்கறது? பாலத்தையா?"

என் மனம் குளிர்ந்துபோனது. "நீ வேண்டாம்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிடறேன்," என்றேன்.

அவள் யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆற்றில் பனிக்கட்டி உடைய ஆரம்பித்திருந்தது. இனிப் பல வாரத்துக்குப் படகும் கிடையாது, காரும் கிடையாது.

"அவசரப்பட்டு ஒண்ணும் சொல்லிடாதே," என்றாள் ஓரிஸ்யா. பிறகு மிகுந்த பிரியத்தோடு கேட்டாள்: "டாக்டர் எந்த மாசம்ங்கறாரு?"