ஓடு கழன்ற குல்பி

என் கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை கண்ட இடத்தில் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாமே என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. (குல்பி வண்டிக்காரன் கூவி விற்க வேண்டும். நான் மணி மட்டும் அடிப்பேன்.) ஆயுளில் ஒரே ஒரு தடவை ஒரு கூட்டத்துக்கு முன்னால் பேசியிருக்கிறேன். அதுவும் ரெண்டே வாக்கியம்.

என் மச்சினன் கல்யாணம் சங்கரன்கோவிலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாமனார் குருவிகுளம் பக்கம் மானாவாரி விவசாயம் செய்கிறவர். மழையைக்கூட நம்புவார், என்னை நம்ப மாட்டார். "மருமகனுக்கு வாயில வெரல வச்சாக்கூட கடிக்கத் தெரியாது" என்று ஊரெல்லாம் சொல்வார். அவரிடம் போய் என் மனைவி செல்வி, "பந்திக்கு குல்பி எங்க பொறுப்பு. மண்சட்டியில வச்சுக் குடுப்பாக, பாருங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஏட்டி, என்னைக் கேக்காமலா சொன்ன?"

"கேட்டா மாட்டேம்பிய. இதுல சொதப்புனா நான் எங்கப்பா வீட்டு வாசல மிதிக்க முடியாது, பாத்துக்கோங்க."

உள்ளங்கை அகலச் சட்டிகளாக வாங்கினேன். அதுவரை நான் குச்சி குல்பிதான் போட்டிருக்கிறேன். சட்டி எனக்குப் புதுசு. புதுச்சட்டி வாங்கினால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? ஊறப்போட்டுப் பழக்குவோம். மீன்குழம்புச் சட்டிக்குச் செய்வதையே இதற்கும் செய்தேன். தொட்டியில் போட்டதும் சட்டிகள் குமிழி விட்டுக்கொண்டு தண்ணீரைக் குடித்தன. நன்றாகக் குடிக்கட்டும் என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை விட்டுவைத்தேன். பிறகு, முந்திரிக்குக் காசு கட்டாததால், வெறும் பாலைக் காய்ச்சி ஊற்றி பிரீசரில் அடுக்கினேன். மறுநாள் ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். கருங்கல் தோற்றது. எனக்கு என் மேலேயே மரியாதை வந்துவிட்டது.

முதல் பந்தி பெண் வீட்டாருக்கு. எல்லோரும் வாசுதேவநல்லூர் வயல்காரர்கள். சாப்பாடு முடிகிற நேரம் சட்டிகளை வைத்துக்கொண்டே போனேன். பெண்ணின் தாய்மாமா பெரிய மீசைக்காரர், பெரிய குரல்காரர். சட்டியைக் கையில் தூக்கிப் பெருமையாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் அடிப்பக்கம் கழன்று இலையில் விழுந்தது. அடுத்து பக்கத்தில் ஒரு சில்லு. பிறகு வரிசை முழுக்க டிக், டிக் என்று சத்தம்.

"என்னவே இது, சட்டி அவுந்து விழுது?"

மண்டபமே என் பக்கம் திரும்பியது. மாமனாரின் துண்டு தோளிலிருந்து கைக்கு வந்தது. கதவோரம் செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் யாரோ என் குரலில் பேசினார்கள்.

"ஓடு தானா கழண்டுரும் அண்ணாச்சி. உரிச்சுட்டுத் தின்னணும்."

தாய்மாமா என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். மீதிச் சட்டியை அவித்த முட்டை உரிப்பதுபோல உரித்தார். உள்ளே குல்பி கொஞ்சமும் இளகாமல், சட்டியின் வளையக் கோடுகூட அழியாமல் நின்றது. கடித்தார். நறுக்கென்றது.

"முந்திரியா வே?"

ரெண்டு வாக்கியமும் செலவாகிவிட்டதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

"முந்திரின்னா இதுல்லா முந்திரி. மண்வாசம் வேற கும்முனு இருக்கு."

அடுத்த பந்தியில் உட்காரும்போதே "அந்த உரிக்கிற குல்பிய மறந்துராதீக" என்றார்கள். மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க மருமகன் யோசனை" என்று ஒவ்வொரு வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். செல்வி அன்றைக்கு நடந்த நடையை சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாத் தேரிடம்தான் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஊறின சட்டி ஒன்று, ஊறாதது ஒன்று வைத்து உறையவிட்டுப் பார்த்தேன். ஊறாதது முழுசாக இருந்தது. ஊறினதில் கண்ணுக்குத் தெரியாத துளையெல்லாம் தண்ணீர் புகுந்திருக்கிறது. உறையும்போது அது வீங்கும். இடம் போதாமல் சட்டியை உள்ளுக்குள்ளேயே பிளந்திருக்கிறது. பிளந்ததைப் பசைபோலப் பிடித்துக்கொண்டு நின்றதும் அதே ஐஸ்தான். அதனால்தான் தட்டியபோது கல்லாக இருந்தது. வெளிக்காற்று பட்டு அது உருகியதும் பிடி விட்டது. மெல்லிசு ஓடு முதலில் உருகும், கனத்த குல்பி கடைசியில் உருகும். நான் பிழைத்தது அந்த இடைவெளியில்.

பிறகு மச்சினன் மகன் காதுகுத்துக்கும் குல்பி கேட்டார்கள். இந்தத் தடவை சட்டியை நனைக்கவே இல்லை. ஒரு கீறல் கிடையாது. அதே மீசைக்காரத் தாய்மாமா சட்டியைத் தட்டினார், திருகினார், இலையோரத்தில் மோதிக்கூடப் பார்த்தார்.

"என்னவே, உரிய மாட்டேங்குது. கைப்பக்குவம் போச்சா?"

அதிலிருந்து சொந்தக்கார வீட்டு விசேஷம் என்றால் தெரிந்தே ஊறப்போடுகிறேன். மண் பல்லில் படாமல் உள்ளே வாழையிலை சுற்றி, நிஜ முந்திரியும் அள்ளிப் போடுகிறேன். எல்லோரும் உரித்துச் சாப்பிடுகிறார்கள். தாய்மாமா மட்டும் ஒவ்வொரு தடவையும் மென்றுபார்த்துவிட்டு, அந்தப் பழைய முந்திரி மாதிரி இல்லை என்கிறார்.

எழுதி முடித்தது: ஆடித்தபசுக்கு மறுநாள்.