பஸ்ஸை அழவைத்த பானெட் சார்

மாமியாரை அழவைத்த மருமகளைப் பார்த்திருக்கிறேன். ஹெட்மாஸ்டரை அழவைத்த பையனைப் பார்த்திருக்கிறேன். என் கட்டுரையைப் படித்துவிட்டு அழுததாக ஒரு வாசகர் கார்டு போட்டதும் உண்டு. அது நகைச்சுவைக் கட்டுரை. ஆனால் ஒரு பஸ்ஸைத் திட்டியே அழவைத்தவர் இந்த உலகத்தில் பானெட் சார் ஒருவர்தான். என் கண்ணால் பார்த்தேன். அவர் திட்டி முடித்த கையோடு மூணாம் நம்பர் பஸ்ஸின் மூக்குக்குக் கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ரேடியேட்டர் ஒழுகுகிறது என்றான் மெக்கானிக். மெக்கானிக்குகளுக்கு இதயம் கிடையாது.

ஐம்பதுகளில் நடந்த கதை. பி.ஏ. முடித்துவிட்டு, நாட்டை நிர்வகிக்கத் தகுதியானவன் என்று என்னை நானே தேர்ந்தெடுத்துக்கொண்டு காத்திருந்தேன். நாடு கூப்பிடவில்லை. செங்கல்பட்டில் ஒரு பஸ் கம்பெனி கூப்பிட்டது. புக்கிங் கிளார்க் வேலை. கம்பெனியில் வண்டி நாலு. மகாபலிபுரத்துக்கு ஒன்று, செய்யூருக்கு ஒன்று, அச்சரப்பாக்கத்துக்கு ஒன்று. நாலாவது எப்போதும் ஷெட்டில் படுத்துக்கொண்டு, தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மற்ற மூன்றுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இவற்றுக்கும், இவற்றோடு சேர்ந்த டிரைவர், கண்டக்டர், கிளீனர், மெக்கானிக், என்னைப் போன்ற உபரிகள் எல்லாருக்கும் மேனேஜர் அவர். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு. கோட்டுக்கு மேல் கிரீஸ். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் கேட்டதில்லை.

அவருக்கு ஒரு குறை. எந்த மனிதனையும் முகத்துக்கு நேரே ஒரு கடுஞ்சொல் சொல்ல வராது. பாராட்டு என்றால் தோளைத் தட்டி, பத்துப் பேருக்குக் கேட்கச் சொல்வார். திட்டு என்றால் நேரே போய் பஸ்ஸின் பானெட்டைத் திறப்பார். அந்தக் காலத்து பஸ்ஸுக்கு முன்னால் நீண்ட மூக்கு உண்டு. அந்த மூக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு எஞ்சினைத் திட்டுவார். குற்றவாளி பக்கத்தில் கைகட்டி நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மகாபலிபுரம் போகிற வழியில், திருக்கழுக்குன்றத்து மலைமேல் மத்தியானம் கழுகு வந்து சோறு தின்னும். அதைப் பார்க்கவென்றே ஜனங்கள் எங்கள் வண்டியில் ஏறுவார்கள். ஒருநாள் மூணாம் நம்பர் லேட். கூட்டம் வெறும் பாறையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியது. சாயங்காலம் பானெட் திறந்தது.

"ஏ மூணாம் நம்பரு! கழுகு எங்கிருந்தோ பறந்து வந்து, துன்னுட்டு, வாயைத் தொடச்சிகினு திரும்பப் பூடுச்சி. அதுக்குக் கடியாரம் கீதா, ஹாரன் கீதா? இங்க கீற குன்றத்துக்குப் போவ உனக்கு இன்னா கேடு? வழியில டீக்கடையில நின்னியாமே! உனக்கு இன்னாத்துக்குடா டீ?"

பக்கத்தில் நின்ற டிரைவர் மஸ்தான் பாய் தலைகுனிந்தபடி, "இனிமே நிக்காது சார்" என்றார்.

"பாய், நீங்க சும்மா இருங்க. அது சொல்லட்டும்."

அது சொல்லும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.

எனக்குப் பஸ் கிடையாது. என் பங்குக்கு ஒரு மேஜை. நான் டிக்கெட் ஜன்னலை மறந்து நாவலில் மூழ்கியிருந்த நாட்களில் மேஜைக்கு எதிரே வந்து நிற்பார். "உனக்கு நாலு காலு கீது. ஒரு காலாவது வேலையில நிக்குதா? பொஸ்தகம் படிக்கிற மேஜைய எந்தக் கம்பெனியிலயாவது வச்சிப்பானா?" அந்த மேஜைக்கு ரோஷம் இருந்திருந்தால் முதல் வாரமே ராஜினாமா செய்திருக்கும். எனக்கு இல்லை, எனவே இருந்தேன்.

இந்த முறை புரியாமல் புதிதாக வந்த மெக்கானிக் ஒருவன் பட்ட பாடு தனி. மதுவிலக்குக் காலத்தில் எங்கள் கண்டக்டர் ஒருவர் எங்கிருந்தோ எதையோ குடித்துவிட்டு வந்தார். பானெட் சார் மூக்கைத் திறந்து, "இன்னாடா வாடை இது? கண்டத கண்ட எடத்துல குடிச்சிட்டு வர்றியா? உன் வயித்த அப்டியே வழிச்சிக் களுவணும்!" என்று கத்தினார். கண்டக்டர் நடுங்கினார். மெக்கானிக் பெட்ரோல் டாங்கைக் கழற்றி, காலி செய்து, சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டான். இரண்டு நாள் வண்டி ஓடவில்லை. அந்தக் கண்டக்டர் அப்புறம் குடிக்கவில்லை. டாங்க் மட்டும் நெடுநாள் மணத்துக்கொண்டிருந்தது.

கருங்குழிப் பக்கம் தன் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையை பஸ்ஸிலிருந்து உருட்டிவிட்டார்கள் என்று ஒரு விவசாயி ஷெட்டுக்கே சண்டைக்கு வந்தார். "மேனேஜர் யாரு? எங்க அவன்?" என்றார். கைகாட்டினோம். மேனேஜர் எஞ்சினுக்குள் இடுப்புவரை போயிருந்தார். "மணிலான்னா உனக்கு எளப்பமா? பாடுபட்டு வெளைவிச்சவன் வயிறு எரியாதாடா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. விவசாயி கொஞ்ச நேரம் கேட்டார். மெல்லப் பின்னால் நகர்ந்தார். "பரவால்ல சார், மூட்ட கெடச்சிடுச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். மூட்டை கிடைக்கவில்லை. வழியில் கிடந்ததை அடுத்த வண்டிக்காரன் எடுத்துவந்து போட்டு, என் மேஜைக்குப் பின்னால்தான் இருந்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன், வாங்கவே பயந்தார்.

ஆட்களை நடத்துவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரர் எழுதிய தடிப் புத்தகத்தை அவருக்கு ஒருமுறை கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"இவுரு எத்தினி வண்டி வச்சிருந்தாரு?"

"வண்டி எல்லாம் இல்லை சார். புரபசர்."

"அப்ப நீங்க ஜாக்கிரதையா படிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

எங்கள் முதலாளி பெண்ணைக் கொடுத்த சம்பந்தி, மகாபலிபுரம் பார்க்க மூணாம் நம்பரில் போனார். சிற்பங்களைப் பார்த்தார். அப்புறம் கடலைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் குளிக்க இறங்கினார். திரும்பும் நேரம் ஆகிவிட்டது. வண்டியில் இருந்தவர்களில் பாதிப் பேர் செங்கல்பட்டில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள். மஸ்தான் பாய் ஹாரனை அமுக்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சம்பந்தி, "நான் யாருன்னு தெரியுமில்ல? நில்லு!" என்றார். பாய் மறுபடி அமுக்கினார். சம்பந்தி மறுபடி முழுகினார். அவர் எழுந்து பார்த்தபோது கரையில் பஸ் இல்லை.

அன்று அந்தக் கரையில் கிடைத்த ஒரே வாகனம் ஒரு கருவாட்டு வண்டி. சம்பந்தி சுத்த சைவம். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து செங்கல்பட்டு வந்து சேர்ந்தார். அவர் வருகிற செய்தி அவருக்கு முன்னாலேயே ஊருக்குள் வந்துவிட்டது. தெருப் பூனைகள் எல்லாம் முதலாளி வீடு வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பின.

மறுநாள் முதலாளி ஷெட்டுக்கு வந்தார். பிளெஷர் காரை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அந்த டிரைவர இன்னிக்கே நிறுத்தணும். என் கண்ணு முன்னாடி. அவன் மூஞ்சிக்கு நேரா நீ சொல்லணும். இல்லன்னா நாளையிலேர்ந்து நீயும் வரவாணாம்."

செங்கல்பட்டில் அன்றைக்கு வேறு பஸ் கம்பெனி கிடையாது. மஸ்தான் பாய்க்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழக்கமில்லை. வீட்டில் மனைவி, நாலு பிள்ளைகள், படுக்கையில் மாமனார். தொப்பியைக் கையில் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளிக்கு நாற்காலி போட்டோம். என் நாற்காலிதான்.

பானெட் சார் பாயின் முன்னால் வந்து நின்றார். முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தார். "பாய்..." என்றார். விடுவிடுவென்று நடந்துபோய் மூணாம் நம்பரின் பானெட்டைத் தூக்கினார்.

"ஏ மூணாம் நம்பரு! உனக்கு மனசாட்சி கீதா? மொதலாளியோட சம்பந்தி தண்ணியில நிக்கிறாரு. ரயிலுக்குப் போற ஜனங்கதான் உனக்குப் பெருசாப் பூட்டாங்களா? டைமு டைமுன்னு அலையிறியே, டைமா நம்ம மொதலாளி வூட்டுல பொண்ணு எடுத்தான்? உன்ன டிஸ்மிஸ் பண்ணிட்டேன். போ! கண்ணு முன்னாடி நிக்காதே!"

பஸ் நின்றது.

முதலாளி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "யோவ், யாரய்யா டிஸ்மிஸ் பண்ணே?"

"மூணாம் நம்பர முதலாளி. வுட்டுட்டு வந்தது அதானே. பாய் பாவம், உக்காந்துகினுதான் இருந்தாரு."

முதலாளிக்கு முகமெல்லாம் சிவந்தது. பானெட் சாரைப் பிடித்துத் தள்ளுவதற்காகவே பாய்ந்து வந்தார். இவர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். "நீங்களே சொல்லுங்க. இங்க குனிஞ்சி சொன்னாத்தான் அதுக்குக் கேக்கும்."

பாய்ந்த வேகத்தில் முதலாளியின் தலை உள்ளே போய்விட்டது.

"அறிவு கீதா உனக்கு!" என்று முழங்கினார். எஞ்சின் அதைத் திருப்பி முழங்கியது. "எம் மானமே பூடுச்சேடா! என் வூட்டு சம்பந்திய கருவாட்டு வண்டியில ஏத்திட்டியே!"

அந்த மூக்குக்குள் தலையை விட்டவனுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. இருட்டு, கொஞ்சம் சூடு, எண்ணெய் வாசனை. முதலாளியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஆனா அந்தாளும் லேசுப்பட்டவன் இல்ல. கல்யாணத்துல காபி சரியில்லன்னு மூணு தபா திருப்பி அனுப்பிச்சான். மாப்ள அழைப்புக்குப் பேண்டு வாசிச்சவன் சுருதி தப்பிட்டான்னு என்னிய நடுத்தெருவுல நிக்க வச்சிக் கேட்டான். ஒரு வார்த்த பேச முடியல. பேசினா எம் பொண்ணுதான் அங்க படணும். நானே அவன எங்கனா வுட்டுட்டு வந்துடலாமான்னு..."

சட்டென்று நின்றது. தலை மெல்ல வெளியே வந்தது. நெற்றியில் கிரீஸ் நாமம். எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் ஆகாயத்தில் ஏதோ தேடிக்கொண்டிருந்தோம்.

"நான் இன்னா சொன்னேன்?" என்றார்.

"திட்டினீங்க முதலாளி. நல்லா ஒறைக்கிற மாதிரி திட்டினீங்க" என்று பானெட் சார் தன் துண்டை நீட்டினார். "வண்டிகிட்ட சொன்னது வண்டியோட."

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு ராகு காலம் முடிந்த மாதிரி பெருமூச்சு விட்டார். "டிஸ்மிஸ் வாணாம்" என்றார். "ஒரு வாரம் செய்யூர் ரோட்டுல ஓட்டுங்க. மணிலா மூட்ட சொமக்கட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

"அது தனியாப் போவாது முதலாளி. கூட ஒருத்தர் வேணும்."

முதலாளி மஸ்தான் பாயைப் பார்த்தார். பாய் முதலாளியைப் பார்த்தார். "நீயே இட்டுனு போ" என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறிவிட்டார்.

குற்றவாளியை நீக்கியாகிவிட்டது என்று சம்பந்திக்குச் சொல்லப்பட்டது. அவருக்குப் பரம திருப்தி. திருப்தி வந்ததும் இரக்கமும் வந்து, "பாவம், அவன நம்பி எத்தினி பேரு?" என்று கேட்டாராம். "முப்பத்திரண்டு சீட்டு" என்று உண்மையைச் சொன்னாராம் முதலாளி.

அன்று சாயங்காலம் ஷெட்டில் நானும் பானெட் சாரும் மட்டும் இருந்தோம். பி.ஏ. படித்தவன் கேட்க வேண்டிய கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன். "ஏன் சார், ஆளை நேரே கூப்பிட்டு ஒரு வார்த்தை திட்டினால் என்ன?"

கோட்டுக் கையில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "பஸ்ஸத் திட்டினா அது ராத்திரி தூங்கும் சார். மனுசன் தூங்க மாட்டான். தூங்காதவன் கையில காலைல எப்டி சார் ஸ்டியரிங்கக் குடுக்கறது?"

வெள்ளைக்கார புரபசர் இதை எழுதவில்லை. நான் கடைசி அத்தியாயம்வரை பார்த்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை. செய்யூருக்கு முதல் வண்டி மூணாம் நம்பர். மஸ்தான் பாய் குளித்து, கண்ணுக்குச் சுர்மா இட்டு, பெருநாளுக்குக் கிளம்பியவர்போல வந்தார். நன்றாகத் தூங்கியிருந்தது முகத்திலேயே தெரிந்தது. பானெட் சார் எங்களுக்கெல்லாம் முன்னாலேயே வந்து ஷெட் வாசலில் நின்றிருந்தார். முந்தைய நாள் உடுத்திய அதே வேட்டி. கண் இரண்டும் பின்விளக்கு மாதிரி சிவந்திருந்தன.

"இன்னா சார், கண்ணு இப்டி கீது?" என்று கேட்டார் பாய்.

"தூசி."

பாய் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எஞ்சினைக் கிளப்ப ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டிய நேரம். அதற்குப் பதிலாக பானெட்டைத் தூக்கினார். தலையை உள்ளே விட்டார்.

"ஏ மூணாம் நம்பரு! ராத்திரி பூரா முழிச்சிகினு உக்காந்திருந்தியா? வேல உனக்கா போச்சு? உன் வயசு இன்னா, உன் ஒடம்பு இன்னா? இப்டி ஒவ்வொருத்தனுக்கும் நீயே முழிச்சிகினு இருந்தா எத்தினி நாளிக்கு ஓடுவே? வூட்டுக்குப் போ. ரெண்டு இட்லி துன்னு. படு. நாங்க இன்னா செத்தா பூட்டோம், பாத்துக்க மாட்டோம்?"

நேரே சொல்லியிருந்தால் 'நீங்க' என்றுதான் வந்திருக்கும், இவ்வளவும் வந்திருக்காது.

பானெட் சார் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, கடைசி வார்த்தைவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "இனிமே முழிக்காது பாய்" என்றார்.

அவர் கம்பெனியை விட்டுப் போகும்வரை எங்களில் யாரும் அவர் முகத்துக்கு நேரே ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அந்த நாலு பஸ்களிடமும் நிறையச் சொல்லியிருக்கிறோம்.