கார் வேண்டாதவர்

காரில்லாதவர்கள் உலகத்தில் எத்தனையோ கோடி. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. பஸ் வந்தால் ஏறுவார்கள், இடம் வந்தால் இறங்குவார்கள், பஸ் வராவிட்டால் என்னைத் திட்டுவார்கள். நான் பஸ் ஓட்டுகிறவன். அந்தத் திட்டும் சம்பளத்தோடு சேர்ந்ததுதான். நான் சொல்ல வந்த இனம் வேறு. இவர் கார் வேண்டாதவர். வாங்க வசதி உண்டு, வாங்கவில்லை. பெரிய நகரம், ஆறாம் மாடி வீடு, நாலு வயதில் ஒரு பெண், ஒன்றரை வயதில் ஒரு பையன், கார் கிடையாது. கடைசியாகச் சொன்னேனே, அதைத்தான் அவர் உங்களிடம் முதலில் சொல்வார்.

உங்கள் கட்டடத்திலும் ஒருவர் இருப்பார், பாருங்கள். லிப்டில் நீங்கள் "எந்த மாடி?" என்று கேட்பீர்கள். "நாங்க கார் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்" என்பார். அவர் தோளில் ஒரு பை தொங்கும். அதில் மாற்றுத் துணி மூன்று செட், தண்ணீர் பாட்டில் இரண்டு, பிஸ்கட் டப்பா, மழை வந்தால் மூட ஒரு விரிப்பு, குழந்தை எப்போதோ கேட்டதற்காக அன்றிலிருந்து தூக்கிக்கொண்டு திரியும் ஒரு பிளாஸ்டிக் யானை. ஒரு கையில் பிராம். அதை ஒரே கையால் மடக்கலாம் என்பது அவருடைய இரண்டாவது பெருமை. குழந்தை வண்டியை மடக்கித்தான் பஸ்ஸில் ஏற்ற வேண்டும் என்று எங்களுக்கு விதி. தினமும் காலையில் அவர் அதை ஒரே கையால் மடக்குவதை நான் கண்ணாடியில் பார்க்கிறேன். அந்த ஒரு கை, இன்னொரு கை, வலது முழங்கால், பக்கத்தில் நிற்கும் இரண்டு பயணிகள். மடங்கிவிடும்.

கார் வைத்துக்கொள்ளாதது தப்பா? சத்தியமாக இல்லை. ஊரே அவரைப் போல இருந்தால் என் ரோடு காலியாகக் கிடக்கும், நானும் நேரத்துக்கு டிப்போ திரும்பிச் சாப்பிடுவேன். பிரச்சினை காரில் இல்லை, வாயில். அவருக்கு நாலு காரணங்கள் உண்டு: புகை, நடை, பார்க்கிங், பிள்ளைகள் உலகத்தைப் பார்த்து வளர வேண்டும் என்பது. நாலையும் வரிசையாகச் சொல்லாமல் விடமாட்டார். இரண்டாவதில் யாராவது தலையாட்டிவிட்டால் முதலாவதை மறுபடி சொல்வார். உலகத்தைப் பார்த்து வளர்கிற அந்தப் பெண், ஒரு நாள் என் பஸ் படியில் நின்று, "அப்பா, காருன்னா தூங்கிட்டே போலாமா?" என்று கேட்டது. அவர் அதற்கு நாலாவது காரணத்தைச் சொன்னார்.

"முடிவு பண்ணிட்டோம்" என்கிறாரே, எப்போது பண்ணினீர்கள் என்று அவர் மனைவியிடம் கேட்டேன். நான் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி, பேச்சு உண்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அந்தத் தங்கச்சிக்கு; ஆறரைக்கே கிளம்பிவிடும். "குடியிருப்போர் கூட்டத்துல அவரு எழுந்து பேசினாரில்லண்ணா, அப்பத்தான் எனக்கும் தெரியும்" என்றது. சிரிக்காமல்தான் சொன்னது.

இரண்டு பிள்ளைகளையும் பகலில் விடும் காப்பகம் பெரிய ரோட்டின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே இடம் கிடைக்கப் பதினோரு மாதம் காத்திருந்தார்கள். கதவு எட்டேகாலுக்கு மூடும். ஒரே மாதத்தில் மூன்று முறை தாமதமானால் இடம் வரிசையில் நிற்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். இடம் போனால் வேலையை விட வேண்டியது யார் என்று அந்த வீட்டில் யாரும் பேசிக்கொண்டதில்லை. பேசவேண்டிய அவசியமே இல்லாதபடி எல்லாருக்கும் தெரியும்.

அந்த மாதம் இரண்டு முறை ஆகியிருந்தது. இரண்டு முறையும் என் ஏழு ஐம்பத்திரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, "நடந்தா பதினெட்டு நிமிஷம்" என்று கிளம்பியிருக்கிறார். அந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, தனியாகக் கையை வீசி நடந்து கடிகாரத்தில் பார்த்தது. நாலு வயதுக் காலுக்கும், வழியில் உள்ள பூனைகளுக்கும், தேங்கிய தண்ணீருக்கும், ஏறி ஏறி இறங்க வேண்டிய கடைப் படிகளுக்கும் அந்தக் கணக்கில் இடம் வைக்கவில்லை.

மூன்றாவது முறை ஆகிவிடக்கூடாதென்று தங்கச்சி ஒரு நாள் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டுக் கூடவே கிளம்பியது. அன்றைக்குப் பார்த்து மழை. பஸ் நிறுத்தம் கட்டடத்து வாசலிலேயே; அங்கே நாலு பேரும் நிற்கிறார்கள். தரைத்தளத்துப் பல் டாக்டர் காரை வெளியே எடுத்தவர், கண்ணாடியை இறக்கி, "ஏறுங்க சார், போற வழிதான்" என்றிருக்கிறார். நல்ல மனுஷன். இத்தனை வருஷம் அதே கட்டடத்தில் இருந்தும் அவருக்கு விவரம் போதவில்லை.

நான் பஸ்ஸை நிறுத்தியபோது இரண்டாவது காரணம் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு காதில் மழை விழ, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். தலையாட்டினால் என்ன ஆகும் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே. நான் ஹாரன் அடித்தேன். இவர் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிஷம் என்று அர்த்தமாம். பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஏற்கனவே என் பரம்பரையை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

தங்கச்சி கணவரைப் பார்த்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தது. குனிந்து பிராமிலிருந்து பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பெண்ணின் கையைப் பிடித்து, விறுவிறுவென்று வந்து ஏறிவிட்டது. பிராமை அவர் பக்கத்திலேயே விட்டுவிட்டது.

"போலாம்ண்ணா."

"அவரு?"

"பேசிட்டு வருவாரு."

கதவை மூடினேன். மழை நாளில் அந்த ரோடு எப்படி இருக்கும்? பன்னிரண்டு நிமிஷத்து வழி இருபதைத் தாண்டியது. தங்கச்சி பெண்ணின் தலையைத் துடைத்துக்கொண்டே காப்பகத்துக் கதவு தெரிகிறதா என்று முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றது. நிறுத்தம் அந்தக் கதவைத் தாண்டி இருநூறு அடி. இருபது வருஷத்தில் நிறுத்தம் இல்லாத இடத்தில் நான் நிறுத்தியதில்லை. அன்றைக்குக் கதவுக்கு நேரே நிறுத்தினேன். பின்னால் ஒருவர், "உன் மாமியார் வீடாய்யா இது?" என்றார். ஆமாம் என்றேன். எட்டு பதினாலுக்குப் பிள்ளைகள் உள்ளே போயின.

கணவர் என்ன ஆனார்? நாலாவது காரணத்தை முடித்துவிட்டு, டாக்டரின் காரை மறுபடியும் மறுத்துவிட்டு, காலிப் பிராமைத் தள்ளிக்கொண்டு மழையில் நடந்தே போயிருக்கிறார். போய்ச் சேரச் சரியாகப் பதினெட்டு நிமிஷம். சாயங்காலம் லிப்ட் வாசலில் என்னையும் டாக்டரையும் சேர்த்து நிறுத்திவைத்துச் சொன்னார்: "பாத்தீங்களா, இவ்வளவு மழையில கூட கார் இல்லாமலே நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டோம். நடக்கிற கணக்கும் கரெக்டா வந்துச்சு." டாக்டர் தலையாட்டவில்லை. மனுஷன் கற்றுக்கொண்டுவிட்டார்.

தங்கச்சி பக்கத்தில்தான் நின்றது. லிப்ட் கீழே வரும்வரை மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதுவரை படித்துவிட்டு, எங்கள் வீட்டில்தான் கார் இருக்கிறதே என்று கால் நீட்டி உட்காராதீர்கள். காராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. டிவி வேண்டாம், வேலைக்காரி வேண்டாம், கடைச் சாப்பாடு வேண்டாம் என்று ஊரைக் கூட்டி நீங்கள் எடுத்த முடிவு ஏதோ ஒன்று, உங்கள் வீட்டில் வேறு யாருடைய இடுப்பிலாவது உட்கார்ந்திருக்கலாம். சந்தேகமாக இருந்தால் இந்தக் கட்டுரையை உங்கள் மனைவிக்கு உரக்கப் படித்துக்காட்டுங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் அவர் சிரிக்காமல், எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்தால், மீதியை மனசுக்குள் படித்துக்கொள்வது உங்களுக்கு நல்லது.